சந்தியாகு, யாகப்பன், ஜேம்ஸ்: மூவரும் ஒருவரே என்று காட்டுவது எப்படி?

இராமேசுவரம் தீவில் தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து ஓர் அன்பர் எழுதியிருக்கும் கேள்வியின் சாரம் இது. அவருடைய தாத்தா 1951ஆம் ஆண்டு வாங்கிய தென்னந்தோப்பின் கிரையப் பத்திரத்தில் ‘சந்தியாகு பர்னாந்து, த/பெ அந்தோணி பர்னாந்து’ என்று இருக்கிறது. பட்டாவில் ‘யாகப்பன், த/பெ அந்தோணி’. 1978இல் அவர் இறந்தபோது எடுத்த சான்றிதழில் ‘ஜேம்ஸ், த/பெ அந்தோணிசாமி’. அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் தகப்பனார் பெயர் ‘ஜேம்ஸ் பெர்னாண்டோ’. பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் புத்தகத்திலோ இலத்தீனில் ‘யாக்கோபுஸ்’. பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றக் கொடுத்த மனு, பெயர்கள் பொருந்தவில்லை என்று திரும்பிவிட்டது. தாத்தாவின் பெயரை அரசிதழில் வெளியிட்டு எல்லா ஆவணங்களிலும் ஒரே பெயராக மாற்ற முடியுமா என்று கேட்கிறார். தம்முடைய கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர்தான் இருக்கிறது, வளைகுடாவுக்குப் போவதற்கு ‘பர்னாந்து’வையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமா என்று கடைசி வரியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறார்.

அன்பரே, நீங்கள் கேட்டிருப்பது பெயர் மாற்றத்தைப் பற்றி. உங்களுக்கு வேண்டியதோ பெயர் மாற்றம் அன்று. உங்கள் தாத்தா தம் வாழ்நாளில் பெயரை மாற்றிக்கொள்ளவே இல்லை. அவர் பெயரை எழுதியவர்கள்தான் மாறினார்கள். ஆகவே ஐந்து தாள்களில் ஐந்து விதமாக எழுதப்பட்டவர் ஒரே மனிதர் என்று காட்டுவதுதான் உங்கள் முன்னால் இருக்கும் வேலை. அதற்கான வழி அரசிதழ் அலுவலகத்துக்குப் போகும் வழி இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, தேவையில்லாத இடத்தில் பணத்தையும் ஆண்டுகளையும் செலவழித்தவர்கள் வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் வருகிறார்கள். நான் இராமநாதபுரத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உரிமையியல் வழக்குகள் நடத்துகிறவன். அதற்கு முன் பத்திர எழுத்தராக இருந்த என் தகப்பனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நகல் எழுதிப் பழகியவன். உங்கள் ஆவணங்களை நான் நேரில் பார்க்கவில்லை. எனவே கீழே சொல்வது வழியைக் காட்டுமே தவிர, உங்கள் வழக்கின் முடிவைச் சொல்லாது.

முதலில் அரசிதழைப் பற்றிய மயக்கத்தைத் தீர்த்துவிடுகிறேன். தமிழ்நாட்டில் பெயர் மாற்ற அறிவிப்புகளை எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை வெளியிடும் அரசிதழில் காணலாம். ஆங்கிலத்தில் வரும் அந்த அறிவிப்புகள் எல்லாம் ஒரே வாய்பாட்டில் இருக்கும்: இன்ன பெயருடைய நான், இன்ன தேதியில் பிறந்தவன், சொந்த மாவட்டம் இன்னது, இன்ன முகவரியில் வசிப்பவன், இனிமேல் இன்ன பெயரால் அறியப்படுவேன். அந்த ‘இனிமேல்’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. அறிவிப்பு வெளியான நாளுக்குப் பிறகு வரும் காலத்துக்கே அது பேசும். 1951இல் பத்திரத்தை எழுதிவாங்கியவர் யார் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. உயிரோடு இருப்பவர் தாமே விண்ணப்பிக்க வேண்டும், அல்லது சிறார் சார்பில் பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டும். இறந்தவருக்கு ‘இனிமேல்’ என்பது கிடையாது. போதாததற்கு, அந்த விளம்பரங்களுக்கு அரசு சட்டப் பொறுப்பு ஏற்காது, விளைவுகளுக்கு வெளியிட்டவரே பொறுப்பு என்ற குறிப்பும் அரசிதழிலேயே அச்சாகி வரும். அதைப் படிக்காமல், அரசு முத்திரை இருக்கிறதே என்று சட்டகம் போட்டு மாட்டி வைத்திருப்பவர்களை நான் அறிவேன்.

இனி உங்கள் தாத்தாவின் பெயருக்கு வருகிறேன். இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது நிறைய இருக்கிறது. இயேசுவின் சீடர்களில் ஒருவரான யாக்கோபு இலத்தீனில் ‘யாக்கோபுஸ்’. போர்த்துக்கீசியரும் ஸ்பானியரும் அதை ‘யாகோ’ என்று சுருக்கி, புனிதர் என்ற அடைமொழியையும் ஒட்டிச் ‘சந்தியாகோ’ என்றார்கள். நம் கரையில் அது சந்தியாகு, சந்தியாகப்பர் என்றாயிற்று. அடைமொழியை விட்டுவிட்டு ‘யாகோ’வோடு ‘அப்பன்’ சேர்த்தால் யாகப்பன். அதே பெயர் ஆங்கிலத்தில் ஜேம்ஸ். உங்கள் ஊரின் வேர்க்காட்டில் ஆலயம் கொண்டிருப்பவரும், ஜூலை 25இல் திருநாள் காண்பவரும் இந்த ஒரே புனிதர்தான். சாமியார் இலத்தீனில் எழுதினார், பத்திர எழுத்தர் ஊர் வழக்கில் எழுதினார், வாத்தியார் ஆங்கிலப் பள்ளி வழக்கில் எழுதினார். ஆகவே உங்களிடம் உள்ள ஐந்து தாள்களிலும் இருப்பது ஒரே பெயரின் ஐந்து உருவங்கள். இது சூசை, ஜோசப், வளன் ஆகியவை ஒன்றாக இருப்பதைப் போன்றது. இதை மொழியறிந்த எவரும் சான்று சொல்லலாம். நீதிமன்றமும் எளிதில் ஏற்கும்.

‘பர்னாந்து’வைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்ற காலத்திலிருந்து பர்னாந்து, ரொட்ரிகோ, மிராண்டா போன்ற போர்த்துக்கீசியப் பெயர்கள் இந்தக் கரையில் புழங்குகின்றன. சவேரியார் 1542இல் வந்து சேர்வதற்கு முன்பே இது தொடங்கிவிட்டது. இவ்வளவும் வரலாறு. ஆனால் பர்னாந்து என்று இருப்பதால் இன்ன குடும்பத்தின் கிளை, இன்ன ஊரிலிருந்து வந்தவர்கள் என்று வம்சாவளி கட்டுவது கதையாகத்தான் முடியும். அந்தப் பெயர் பரம்பரைப் பெயராக எல்லா வீட்டிலும் ஒழுங்காக இறங்கியதில்லை. அண்ணன் பர்னாந்து என்று கையெழுத்திட, தம்பி வெறும் முதலெழுத்தோடு நின்றிருப்பார். தமிழில் எழுதும்போது பர்னாந்து, பர்னாண்டு, பெர்னாண்டோ என்று மூன்றாகும். அதை மறுபடி ஆங்கிலத்தில் ஏற்றும் கணினிப் பணியாளர் கையில் நான்காவதாக ஒன்று பிறக்கும். ஆகவே ஓர் ஆவணத்தில் பர்னாந்து இருப்பதும் இன்னொன்றில் இல்லாததும் தன்னளவில் பெரிய முரண்பாடு அன்று.

இவ்வளவு சொன்னதும் நீங்கள் ஆறுதலாக மூச்சு விட்டிருப்பீர்கள். ஆனால் கடினமான பகுதி இங்கேதான் தொடங்குகிறது. பெயர் ஒன்று என்று காட்டிவிட்டால் ஆள் ஒன்று என்று ஆகிவிடாது. சந்தியாகப்பரைப் பாதுகாவலராகக் கொண்ட ஊரில் இரண்டு வீட்டுக்கு ஒரு சந்தியாகு இருப்பார். அவர்களில் பலருடைய தகப்பனாரும் அந்தோணியாகத்தான் இருப்பார். அதனால்தான் உங்கள் ஊர்களில் ஆளுக்கொரு பட்டப்பெயர் இருக்கிறது. அது கேலிக்காக வைத்தது என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். உண்மையில் ஊருக்குள் ஆளை அடையாளம் காட்டும் பதிவேடே அதுதான். பழைய பத்திரங்களில் ‘சம்மாட்டி சந்தியாகு’ (படகு உரிமையாளரான சந்தியாகு) என்றோ, இன்ன வீட்டு யாகப்பன் என்றோ நான்கெல்லைப் பகுதியில் எழுதியிருந்தால், அந்த ஒரு சொல் ஒரு கட்டுச் சான்றிதழுக்குச் சமம். பெயரைப் பெரிதாக எண்ணி, அதைச் சுற்றி எழுதியிருப்பதைப் படிக்காமல் விடுவதுதான் இத்தகைய வழக்குகளில் நான் காணும் முதல் பிழை.

பெயர்கள் இப்படிச் சிதறுவதற்கு எழுத்தர்களை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. நம் வீட்டு வழக்கத்துக்கும் அதில் பங்கு உண்டு. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம். ‘பேரன்’ என்ற சொல்லே அங்கிருந்துதான் வந்தது. ஆனால் மாமனாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. ஆகவே பெற்ற தாயே தன் பிள்ளையை வைத்த பெயரில் கூப்பிட முடியாமல் வேறு பெயரில் கூப்பிடுகிறாள். அந்தக் கூப்பிடும் பெயர் ரேஷன் அட்டையில் ஏறுகிறது. வைத்த பெயர் கோயில் புத்தகத்தில் தங்கிவிடுகிறது. கணவர் பெயரைச் சொல்லாத பாட்டிமார்களால் வந்த வினையும் கொஞ்சமல்ல. என் கட்சிக்காரர் ஒருவர், கடலோரக் கிராமத்துக் கத்தோலிக்க மூதாட்டி. கணக்கெடுக்க வந்தவர் கணவர் பெயரைக் கேட்டபோது, அவர் வாய் திறவாமல் கோயில் பக்கம் கையைக் காட்டி, “குதிரை மேல இருக்காருல்ல, அவரு பேருதான்யா” என்றிருக்கிறார். சந்தியாகப்பரைக் குதிரை மேல் அமர்த்திக் காட்டுவது வழக்கம் என்பது உள்நாட்டு ஊரிலிருந்து வந்த அந்த மனிதருக்குத் தெரியவில்லை. குதிரை மேல் இருப்பவர் அவருடைய ஊரில் வேறொருவர். ‘க/பெ அய்யனார்’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். பின்னாளில் அந்த அம்மாளின் வாரிசு உரிமைக்காக நாங்கள் பட்ட பாட்டில் அந்த ஒரு வரிக்கு மட்டும் இரண்டு சாட்சிகள் தேவைப்பட்டார்கள்.

சரி, ஆளை எதைக் கொண்டு நிறுவுவது? நான் தொடங்கும் இடம் எப்போதும் சார்பதிவாளர் அலுவலகம்தான். பதிவான பத்திரங்களுக்கு அங்கே இரண்டு வகை அட்டவணைகள் உண்டு: ஒன்று எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் பெயர்களின் வரிசையில், மற்றொன்று சொத்தின் வரிசையில். பெயர் குழம்பியிருக்கும்போது பெயர் அட்டவணையில் தேடினால் கிணற்றில் போட்ட கல்தான். ஊர், சர்வே எண் கொண்டு சொத்து அட்டவணையில் தேடச் சொல்லுங்கள். அந்தத் தோப்பின் மேல் 1951க்கு முன்னும் பின்னும் நடந்த அடமானம், ஈடு தீர்த்த ரசீது, பக்கத்துக் கொல்லையின் கிரையம் எல்லாம் வெளியே வரும். பக்கத்து நிலத்தின் பத்திரத்தில் நான்கெல்லை சொல்லும்போது, ‘யாகப்பன் தோப்புக்குக் கிழக்கு’ என்று யாரோ ஒருவர் எழுதியிருந்தால், உங்களுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஏனென்றால் அதை எழுதியவருக்கு உங்கள் தகராறில் எந்த அக்கறையும் இல்லை. அண்மைக் காலத்து வில்லங்கச் சான்றை இணையத்திலேயே எடுத்துவிடலாம். உங்களுக்கு வேண்டிய பழைய காலத்துக்குக் கைப்பதிவேட்டில் தேடக் கேட்டு மனு கொடுக்க வேண்டும். பொறுமை வேண்டும், கட்டணம் பெரிதாக இராது.

1951ஆம் ஆண்டு மூலப்பத்திரம் கையில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் முன்பக்கத்தை எல்லோரும் பார்ப்பார்கள்; பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பதிவின்போது ஆளை அடையாளம் காட்டியவர்களின் பெயர்களும், பெருவிரல் ரேகைகளும், பதிவாளரின் குறிப்பும் அங்கேதான் இருக்கும். அடையாளம் காட்டியவர் உங்கள் தாத்தாவின் மைத்துனராகவோ கோயில் கணக்கப்பிள்ளையாகவோ இருக்கக்கூடும். முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆவணம், இருக்க வேண்டியவரின் கையிலிருந்து முறையாக வெளிவந்தால், அதிலுள்ள கையெழுத்தும் எழுத்தும் உண்மையானவை என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம். 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்திலும் தொடர்கிறது. உங்கள் பத்திரம் அந்த வரம்பைக் கடந்து வெகுகாலம் ஆகிவிட்டது.

அடுத்தது கோயில் புத்தகம். ஞானஸ்நானப் பதிவில் ‘யாக்கோபுஸ்’ என்ற சொல்லோடு நின்றுவிடாதீர்கள். தாய் தகப்பன் பெயர், ஞானத்தகப்பன் ஞானத்தாய் பெயர்கள் ஆகியவற்றோடு, ஓரத்தில் ஒரு குறிப்பும் இருக்கிறதா என்று பங்குத்தந்தையிடம் கேளுங்கள். ஒருவருக்குப் பின்னாளில் திருமணம் நடந்தால், அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் மணமகள் பெயரோடும் தேதியோடும் அதைக் குறித்துவைப்பது திருச்சபையின் முறை. அந்த ஓரக்குறிப்பில் உங்கள் பாட்டியின் பெயர் இருந்தால், குழந்தை யாக்கோபுஸும் உங்கள் அப்பாவின் தகப்பனாரும் ஒருவரே என்பதற்குக் கயிறு கட்டியாகிவிட்டது. பழைய பதிவு உங்கள் பங்கில் இல்லாவிட்டால், அது அன்று எந்தப் பங்கின் கிளையாக இருந்தது என்று விசாரியுங்கள். உங்கள் பகுதி அடங்கிய சிவகங்கை மறைமாவட்டமே 1987இல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய கடிதப் போக்குவரத்து மதுரையில் இருக்கலாம். கல்லறைத் தோட்டத்தையும் விடாதீர்கள். குடும்ப உறவு பற்றி, தகராறு எழுவதற்கு முன்பே கல்லறைக் கல்லிலோ வம்சாவளியிலோ குடும்பப் படத்திலோ எழுதப்பட்டதைச் சான்றாக ஏற்கச் சட்டத்தில் தனி இடமே இருக்கிறது. ‘சந்தியாகு என்ற ஜேம்ஸ்’ என்று ஒரு கல்லில் இருந்தால், நல்ல வெளிச்சத்தில் தேதி தெரியப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கல் வெட்டி வைத்துவிட்டு என்னிடம் படத்தோடு வந்தவரும் உண்டு. சிமென்ட்டின் ஈரம்கூடக் காய்ந்திருக்கவில்லை.

பாட்டி 2009 வரை இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வாக்காளர் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே கணவர் பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பெயரைவிட உறவுப் பெயரும் கதவு எண்ணும் பயன்படும் ஆவணம் அது.

பட்டாவில் ‘யாகப்பன்’ எப்படி வந்தது என்பதற்கு என் ஊகத்தைச் சொல்கிறேன். ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 1979இல் தொடங்கி 1980களின் நடுப்பகுதி கடந்தும் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது எல்லோரும் யுடிஆர் என்று சொல்வதில், நேரில் வந்து சொன்ன பெயரைக் கொண்டு பதிவேடு எழுதிய இடங்கள் பல. உங்கள் தாத்தா அதற்கு முன்பே இறந்துவிட்டார். தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஊரில் வழங்கிய பெயரைச் சொல்லியிருப்பார். இதைச் சரிபார்க்க யுடிஆருக்கு முந்தைய அ-பதிவேட்டின், அதாவது சர்வே எண் வாரியாக உடைமையாளர் பெயர் எழுதிய கிராமப் பதிவேட்டின், நகலையும், இராமநாதபுரம் ஜமீன் 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் அரசிடம் வந்த பிறகு நடந்த நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகலையும் கேட்டு மனு கொடுங்கள். முந்தைய பதிவில் ‘சந்தியாகு’ என்றும் பிந்தையதில் அதே சர்வே எண்ணுக்கு ‘யாகப்பன்’ என்றும் இருந்து, இடையில் விற்பனை ஏதும் இல்லை என்று வில்லங்கச் சான்று காட்டினால், நிலமே இரண்டு பெயர்களையும் ஒன்றாக்கிவிடுகிறது. என் அனுபவத்தில் இதைவிட வலுவான சங்கிலி கிடையாது.

நடைமுறைக்கு வருகிறேன். இறப்புச் சான்றிதழில் உள்ள ‘ஜேம்ஸ்’ என்பதைச் ‘சந்தியாகு’ என்று திருத்தலாமா என்று உங்கள் உறவினர் ஒருவர் யோசனை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 1969ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி பதிவாளருக்குத் திருத்தும் அதிகாரம் உண்டு. ஆனால் மூலப்பதிவை அழிக்காமல் ஓரத்தில்தான் குறிக்க வேண்டும், விவரம் அறிந்த நம்பத்தகுந்த இருவரின் வாக்குமூலமும் வேண்டும். அதுவும் பிழை இருந்தால் திருத்துவதற்கான அதிகாரம். உங்கள் தாத்தா உண்மையிலேயே ஜேம்ஸ் என்றும் அழைக்கப்பட்டிருந்தால் அங்கே பிழையே இல்லை. அதை மாற்றினால் அப்பாவின் பள்ளிச் சான்றிதழோடு இப்போது பொருந்தி நிற்பதும் பொருந்தாமல் போகும். ஒரு முனையைச் சரிசெய்யப் போய் மறுமுனையை அவிழ்த்துவிடாதீர்கள். எதையும் திருத்தாமல், எல்லாவற்றையும் ‘என்கிற’ போட்டு இணைப்பதே நல்லது என்பது என் கருத்து. நம் பத்திர எழுத்தர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட சொல் அது: ‘அந்தோணி பர்னாந்து குமாரர் சந்தியாகு பர்னாந்து என்கிற யாகப்பன் என்கிற ஜேம்ஸ்’. காவல் நிலைய ஆவணங்களில் இதே வேலையைச் செய்ய ஒரு சுழிக்குறி (@) போடுவார்கள். அதைப் பார்த்துக் குற்றவாளிக்குத்தான் இரண்டு பெயர் இருக்கும் என்று நினைத்துக் கூச்சப்பட வேண்டியதில்லை.

அந்தத் தொடரை முதலில் வாரிசுச் சான்றிதழ் மனுவிலேயே எழுதுங்கள். வட்டாட்சியர் விசாரணையில் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் ஊரில் கேட்பார்கள்; வயதானவர்கள் இருவரை அப்போதே தயார் செய்து வையுங்கள். நோட்டரி முன்னிலையில் எழுதும் உறுதிமொழிப் பத்திரம் ஒன்றையும் வைக்கலாம். ஆனால் அதற்கு உள்ள மதிப்பு, நீங்கள் அப்படிச் சொல்கிறீர்கள் என்பது மட்டுமே; எவ்வளவு விலையுள்ள முத்திரைத்தாளில் எழுதினாலும் அந்த மதிப்பு கூடாது. இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். உங்கள் கேள்வியில் அப்பாவும் சித்தப்பாவும் மட்டுமே வருகிறார்கள். அத்தைமார் இருவர் இருப்பதைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இந்தியக் கிறிஸ்தவர் உயில் எழுதாமல் இறந்தால் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக; மகன் மகள் என்ற வேறுபாடு அதில் இல்லை. அத்தைமாரை விட்டுவிட்டு வாங்கும் பட்டா, பெயரில் எவ்வளவு பொருத்தம் இருந்தாலும் நிலைக்காது. மாறாக, அவர்களும் சேர்ந்து கையெழுத்திட்டால் பாதி வேலை முடிந்தது. தாத்தாவுக்கு இன்னின்ன பெயர்கள் வழங்கின என்று எல்லா வாரிசுகளும் ஒருமித்து ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எழுதிப் பதிந்துகொண்டால், பின்னால் யாரும் எளிதில் மறுக்க முடியாது. வெளியாள் ஒருவர் அந்தத் தோப்பில் உரிமை கொண்டாடினால் மட்டும் அது அவரைக் கட்டுப்படுத்தாது.

இவ்வளவுக்குப் பிறகும் வட்டாட்சியர் மறுத்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு என்று 1983ஆம் ஆண்டுப் பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தில் வழி இருக்கிறது. மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியாகத் திருப்பி அனுப்பியதற்கு மேல்முறையீடு செய்ய முடியாது. கடைசி வழி உரிமையியல் நீதிமன்றத்தில் விளம்புகைப் பரிகார வழக்கு, அதாவது உங்கள் உரிமையை நீதிமன்றமே அறிவிக்க வேண்டும் என்று கேட்கும் வழக்கு. அரசையும் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டியிருப்பதால் இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதற்குமேல் எத்தனை ஆண்டாகும் என்று எந்த வழக்கறிஞராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள், நான் சொன்னாலும். வாரிசுகளுக்குள் தகராறு இல்லாமல், வெளியார் உரிமைக் கோரிக்கையும் இல்லாமல் இருந்தால், வழக்குவரை போகாமலேயே முடிந்துவிடும் சாத்தியம் அதிகம்.

இதே கேள்வியோடு வரும் மற்றவர்களுக்காகச் சிறிது விலகிச் சொல்கிறேன். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் சிக்கல் வேறு வகையானது. ‘முகம்மது’ என்பது பெயரின் முதல் பகுதியா, முதலெழுத்தா என்று ஆவணத்துக்கு ஆவணம் மாறும். பாட்டிமார்களின் பெயர்கள் அழைக்கும் பெயரிலேயே பத்திரத்தில் ஏறியிருக்கும். அங்கே ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு, உங்களுக்குக் கோயில் புத்தகம் செய்யும் வேலையைச் செய்யும். அரபுத்தமிழில், அதாவது தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறையில், ஒரு பெண்மணி இட்ட கையெழுத்தைக் ‘கீறல்’ என்று எழுதிவைத்த பத்திர நகலை ஒருமுறை பார்த்தேன். மூலத்தைத் தேடி எடுத்து, எழுத்தறிந்த ஆலிம் ஒருவரை வைத்துப் படித்தபோது அவருடைய முழுப்பெயரும் தகப்பனார் பெயரும் அதில் இருந்தன. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் கப்பலில் வந்து மண்டபம் முகாம் வழியாகத் திரும்பிய இலங்கை மலையகக் குடும்பங்களுக்கோ, அங்கே கொடுத்த குடும்ப அட்டையும் பழைய கடவுச்சீட்டும்தான் இரண்டு கரைப் பெயர்களையும் கட்டும் முடிச்சு. அவற்றை மடித்துப் பணப்பையில் வைத்துக் கிழித்துவிடாதீர்கள்.

இனி உங்கள் சொந்தப் பெயர். தமிழர்களாகிய நம்மிடம் குடும்பப் பெயர் என்ற கட்டாயம் கிடையாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு நம் பெயர் முடிந்துவிடும். உங்கள் தீவைச் சேர்ந்த அப்துல் கலாமுக்கு முன்னால் நிற்கும் மூன்று எழுத்துகள் அவுல், பக்கீர், ஜைனுலாப்தீன் என்ற மூன்று பெயர்கள். கடைசியில் உள்ளது அவருடைய தந்தையின் பெயர். உலகம் அவரைக் கலாம் என்று அழைத்தபோது, அது அவருடைய சொந்தப் பெயரின் பாதி என்பதை யாரும் யோசிக்கவில்லை. கடவுச்சீட்டு அலுவலகம் முதலெழுத்தை ஏற்பதில்லை. விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டத்தை வெற்றாக விட்டுவிடலாம், உங்கள் சீட்டில் நடந்திருப்பது அதுதான். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டோடு வருவோருக்குப் பார்வையாளர் விசா அனுமதியில்லை என்று அறிவித்தபோது நம் பகுதியில் பெரிய பதற்றம் உண்டானது. சில நாட்களிலேயே, சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்போம் என்று தளர்த்தினார்கள். நீங்கள் போகும் நாளில் அந்த நாட்டின் விதி என்ன என்பதைப் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் விமான நிறுவனத்திடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அந்தக் காரணத்துக்காக மட்டும் ‘பர்னாந்து’வைச் சேர்க்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். உங்கள் பள்ளிச் சான்றிதழிலோ ஆதாரிலோ அது இல்லை. சேர்த்தால் அந்த நாளிலிருந்து நீங்களும் தாத்தாவைப்போல இரண்டு பெயர்க்காரர் ஆகிவிடுவீர்கள்; உங்கள் பேரன் ஒருநாள் இதே கேள்வியை எழுத வேண்டியிருக்கும். குடும்பப் பெயர்க் கட்டத்தில் தகப்பனார் பெயரை இட்டுக் கடவுச்சீட்டை மறுவெளியீடு செய்துகொள்வது எளிய வழி. மற்ற ஆவணங்களில் உள்ள முதலெழுத்து விரிந்ததாக அது நிற்கும். இல்லை, தாத்தாவின் நினைவாகப் பர்னாந்து வேண்டும் என்ற விருப்பம் உண்மையிலேயே இருந்தால், அது உங்கள் உரிமை. அப்போது மட்டும் அரசிதழுக்குப் போங்கள். அறிவிப்பு வந்தபின் ஆதார், வங்கிக் கணக்கு, கடவுச்சீட்டு எல்லாவற்றையும் ஓராண்டுக்குள் மாற்றி முடியுங்கள். பழைய மதிப்பெண் சான்றிதழ்கள் பழைய பெயரிலேயே இருக்கும். அவற்றோடு அரசிதழின் பிரதியை என்றும் சேர்த்தே வைக்க வேண்டியிருக்கும். உங்கள் மனைவிக்கும் இதைச் சொல்லுங்கள்: திருமணம் ஆனதால் பெயரையோ முதலெழுத்தையோ மாற்றியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அவருடைய கடவுச்சீட்டு தகப்பனார் பெயரோடு இருப்பதில் தவறு ஏதும் கிடையாது.

அடுத்த வாரம் தாலுகா அலுவலகம் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதைத் தள்ளிவையுங்கள். முதலில் சார்பதிவாளர் அலுவலகத்தில் சர்வே எண்ணைக் கொண்டு தேடல் மனு ஒன்றைக் கொடுத்துவிட்டு, அன்று மாலையே பங்குத்தந்தையைப் பார்த்து ஓரக்குறிப்பைக் கேளுங்கள். 1951ஆம் ஆண்டுப் பத்திரத்தின் பின்பக்கத்தில் அடையாளம் காட்டியவர்களாக யார் யார் பெயர் இருக்கிறது என்பதை மட்டும் இங்கே எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு மனுவை எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.